காப்பிரைட் கிளைம் வந்ததும் வீடியோவை டெலிட் செய்யாதீர்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"அண்ணா, காப்பிரைட் வந்துடுச்சு, வீடியோவை டெலிட் பண்ணிடவா?" ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கு வரும் போன் பாதி இதுதான். வேண்டாம். டெலிட் செய்தால் வியூஸும் கமெண்டும் போய்விடும். வந்தது ஸ்ட்ரைக்காக இருந்தால் வீடியோ போன பிறகும் ஸ்ட்ரைக் அப்படியே நிற்கும். கொஞ்சம் பொறுங்கள், என்ன வந்திருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

சில வருடங்களாக ஊர்ப்பக்கத்து சேனல்கள் ஏழெட்டுக்கு எடிட்டிங்கும் அப்லோடும் செய்து கொடுக்கிறேன். சமையல், தேர்த்திருவிழா, கல்யாண வீடியோ, பட விமர்சனம் என்று எல்லாம் கலந்து வரும். திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான்: அறிவிப்பில் "காப்பிரைட்" என்ற சொல் இருந்தாலே கோர்ட்டிலிருந்து சம்மன் வந்ததுபோல வெலவெலத்துப் போகிறார்கள். ஆனால் அங்கே பேசுவது பெரும்பாலும் சட்டம் கிடையாது, வீடியோ போடும் தளத்தை நடத்தும் கம்பெனி வைத்திருக்கும் விதி. சட்டம் சொல்வது ஒன்று, தளம் செய்வது ஒன்று. எந்த இடத்தில் எது பேசுகிறது என்று பிரிக்கத் தெரிந்தால்தான் எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியும். யூடியூபை வைத்தே சொல்கிறேன், நம்மில் அதிகம் பேர் மாட்டுவது அங்கேதான்.

முதல் வேலை: வந்தது கிளைமா, ஸ்ட்ரைக்கா?

யூடியூப் ஸ்டுடியோவில் உங்கள் வீடியோ பட்டியலைத் திறந்து, கட்டுப்பாடுகள் என்ற இடத்தில் காப்பிரைட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதன்மேல் கர்சரை வைத்து விவரத்தைத் திறந்தால் யார் கேட்கிறார்கள், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, பாட்டா காட்சியா, என்ன விளைவு என்று எல்லாம் அங்கேயே இருக்கும். பலர் மெயிலை மட்டும் படித்துவிட்டு இதைத் திறப்பதே இல்லை.

கிளைம் என்றால் கன்டென்ட் ஐடி என்ற இயந்திரம், கம்பெனிகள் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கும் பாட்டு, படங்களோடு உங்கள் வீடியோவை ஒப்பிட்டுப் பார்த்து "இது ஒத்துப்போகிறது" என்று சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். உரிமையாளர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்: வீடியோவைத் தடுப்பது, விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வது, அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சும்மா கணக்கு மட்டும் பார்ப்பது. சேனலுக்கு இதனால் கெட்ட பெயர் கிடையாது. ஸ்ட்ரைக் வேறு சங்கதி. அங்கே ஒரு ஆள் அல்லது கம்பெனி முறையாக விண்ணப்பம் கொடுத்து வீடியோவை எடுக்கச் சொல்லியிருக்கிறது, வீடியோவும் போயிருக்கும்.

இந்த இயந்திரம் ஏன் வந்தது என்று ஒரு நிமிடம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதெல்லாம் புரிய இது வேண்டும். அமெரிக்காவில் 1998-ல் ஒரு சட்டம் வந்தது, டிஎம்சிஏ என்பார்கள். பயனர்கள் போடும் விஷயத்துக்குத் தளம் பொறுப்பாகாது, ஆனால் புகார் வந்தால் உடனே எடுத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். எடுத்துவிட்டால் தளத்துக்குப் பாதுகாப்பு, யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆபத்து. 2006-ல் கூகுள் யூடியூபை வாங்கியது. 2007-ல் வியாகாம் என்ற அமெரிக்க டிவி, சினிமா கம்பெனி யூடியூப்மேல் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அதே 2007-ல்தான் கன்டென்ட் ஐடியும் வந்தது. அதாவது எந்தச் சட்டமும் கேட்காத ஒரு ஏற்பாட்டைப் பெரிய உரிமையாளர்களோடு சமாதானமாகப் போக யூடியூபே கட்டியது. இன்று யூடியூபில் நடக்கும் காப்பிரைட் நடவடிக்கைகளில் 100-க்கு 99-க்கு மேல் இந்த இயந்திரம் வழியாகத்தான் நடக்கின்றன. நாடாளுமன்றம் எழுதிய வரிகளைவிட இந்த இயந்திரத்தின் செட்டிங் நம் வீடியோவை அதிகம் ஆள்கிறது.

இன்னொரு கணக்கு, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யூடியூப் தானே வெளியிட்டது: 2021-ன் முதல் ஆறு மாதத்தில் 72 கோடிக்கு மேல் கிளைம்கள். அதில் டிஸ்ப்யூட் செய்தவர்கள், அதாவது இந்தக் கிளைம் தவறு என்று மறுத்தவர்கள், ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் செய்தவர்களில் 60 சதவீதம் பேர் ஜெயித்திருக்கிறார்கள். நியாயம் இருந்தும் பயந்துகொண்டு விட்டுவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு நிஜமாகவே வயிறு எரிகிறது.

அறிகுறி: வீடியோ ஓடுகிறது, வருமானம் மட்டும் வேறு யாருக்கோ போகிறது

ஒரு தேர்த்திருவிழா வீடியோ, 11 நிமிடம். 2:14 முதல் 3:40 வரை கிளைம். பாட்டே போடவில்லையே என்று சேனல்காரர் சத்தியம் செய்கிறார். ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாலைந்து தடவை கேட்டேன். தவில் சத்தம், "வடத்தைப் பிடிங்க, வடத்தைப் பிடிங்க" என்று ஒருவர் கத்துவது, அதற்குப் பின்னால் எங்கேயோ நீர்மோர்ப் பந்தலில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஒரு பக்திப் பாட்டு. காதுக்கே சரியாகக் கேட்காததை இயந்திரம் கேட்டிருக்கிறது.

இப்படி நடந்தால் கிளைம் சரியானதுதான், பாட்டு அவர்களுடையது. சண்டை போடாமல் அந்தப் பகுதியைச் சரிசெய்யுங்கள். விவரப் பக்கத்திலேயே மூன்று வழி இருக்கும்: அந்தத் துண்டை வெட்டுவது, பாட்டை மாற்றுவது, பாட்டை மட்டும் மௌனமாக்குவது. மூன்றாவதைத்தான் முதலில் முயன்றோம். பாட்டு போனது, ஆனால் வடம் பிடிக்கச் சொன்னவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிட்டது. அப்புறம் அதே தெருவில் மறுமுனையில் நின்று எடுத்த இன்னொரு போனின் ஒலியை அந்த இடத்தில் ஒட்டி மறுபடி அப்லோட் செய்தோம். வெட்டியோ மாற்றியோ அந்தப் பாட்டு வீடியோவில் இல்லாமல் போனால் கிளைம் தானாகவே விலகிவிடும், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். அன்றிலிருந்து திருவிழாவுக்குப் போனால் ஒலிக்கென்று இரண்டாவதாக ஒரு போனை ஸ்பீக்கருக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுகிறோம்.

கிளைம் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் டிஸ்ப்யூட் போடுங்கள், அதுவும் 5 நாளைக்குள். 5 நாளைக்குள் போட்டால் கிளைம் வந்த நாளிலிருந்தே வருமானம் தனியாக நிறுத்தி வைக்கப்படும், யார் ஜெயிக்கிறார்களோ அவருக்குப் போகும். தாமதித்தால் டிஸ்ப்யூட் போட்ட நாளிலிருந்துதான் கணக்கு. புது வீடியோவுக்கு முதல் சில நாளில்தான் கூட்டம் வரும் என்பதால் இந்த 5 நாள் நிஜமான காசு. எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம், அதற்குள் பதில் சொல்லவில்லை என்றால் கிளைம் காலாவதி.

அறிகுறி: கல்யாண வீடியோ எல்லா நாட்டிலும் தடை

மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள்: மண்டபத்தில் பாட்டு போட்டோமே, அப்போது யாரும் கேட்கவில்லையே? நியாயமான கேள்வி. இந்தியக் காப்பிரைட் சட்டம் 1957, பிரிவு 52-ல் மதச் சடங்குகளுக்கு விலக்கு இருக்கிறது, கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் சேரும் என்று அந்தப் பிரிவே விளக்கம் சொல்கிறது. ஆனால் அந்த விலக்கு அந்த நிகழ்ச்சியில் பாட்டு ஒலிப்பதற்கு. அதைப் படம்பிடித்து, எடிட்டிங்கில் சினிமாப் பாட்டை முழுசாக மேலே ஏற்றி, உலகம் முழுக்கப் பார்க்கும் இடத்தில் வைப்பதற்கு அது வராது. இந்த இடத்தில் சட்டமும் தளமும் ஒரே பக்கம் நிற்கின்றன, டிஸ்ப்யூட் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

என் வழக்கம்: பாட்டோடு உள்ளதை வீட்டாருக்குப் பென் டிரைவில் கொடுத்துவிடுவேன், யூடியூபுக்கு நாதஸ்வரமும் மண்டபத்துப் பேச்சுச் சத்தமும் மட்டும் உள்ள இன்னொன்று. பிரைவேட்டாக வைத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், பிரைவேட் வீடியோவையும் இயந்திரம் பார்க்கும். அதையே சாதகமாகவும் ஆக்கிக்கொள்ளலாம்: பிரைவேட்டாக ஏற்றி, சோதனை முடிந்ததா என்று பார்த்து, சுத்தமாக இருந்தால் மட்டும் பப்ளிக் ஆக்குங்கள்.

அறிகுறி: நானே பாடியது, நானே வாசித்தது, ஆனாலும் கிளைம்

இதுதான் மனதை அதிகம் நோகடிப்பது. ஒரு பெண் பிள்ளை தம்புரா வைத்துக்கொண்டு தியாகராஜர் கீர்த்தனை பாடி ஏற்றியிருக்கிறாள், அதற்கு ஒரு கேசட் கம்பெனி கிளைம் போடுகிறது. எங்கே தவறு?

பாட்டில் இரண்டு உரிமை உண்டு. இயற்றிய பாட்டுக்கு ஒன்று, அதைப் பதிவு செய்த ஒலிக்கு ஒன்று. இந்தியாவில் இயற்றியவர் இறந்த பிறகு 60 வருடம் வரை முதல் உரிமை ஓடும், அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து கணக்கு. தியாகராஜர் மறைந்தது 1847, தீட்சிதர் 1835, சியாமா சாஸ்திரி 1827. மூவர் பாட்டும் யாருடைய சொத்தும் இல்லை. பாரதியார் பாட்டும் அப்படியே. ஆனால் பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல்தான், அவர் பாட்டுக்கு உரிமை 2033 முடியும் வரை உண்டு. கச்சேரியில் அடுத்தடுத்துப் பாடுகிற இரண்டு உருப்படிகளில் ஒன்று பொதுச் சொத்து, ஒன்று இல்லை என்று பாடுகிறவர்களில் பலருக்கே தெரியாது.

இப்போது பிள்ளையின் வீடியோவுக்கு வருவோம். பாட்டு பொதுச் சொத்து, குரல் அவளுடையது. கம்பெனியிடம் இருப்பது யாரோ ஒரு வித்வான் அதே கீர்த்தனையைப் பாடிய பதிவு. அதே ராகம், அதே சங்கதி, சுருதிகூட ஒத்துப்போனால் இயந்திரம் ஏமாறுகிறது. மேற்கத்திய இசையிலும் இதே கதைதான்: 2018-ல் ஜேம்ஸ் ரோட்ஸ் என்ற பியானோ கலைஞர் தான் வாசித்த, பாஹ் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் இசையை பேஸ்புக்கில் போட, அதில் 47 விநாடி சோனி மியூசிக்குடையது என்று கிளைம் வந்தது. பாஹ் இறந்தது 1750-ல். அதே 2018-ல் ஆஸ்திரேலியாவின் செபாஸ்டியன் டாம்சாக் போட்டிருந்த 10 மணி நேர வெறும் இரைச்சல் ஒலிக்கு ஐந்து கிளைம்கள்.

இங்கே தயங்காமல் டிஸ்ப்யூட் போடுங்கள். காரணம் கேட்கும் இடத்தில், பொதுச் சொத்து என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுதும் இடத்தில் கோபத்தைக் காட்டாமல், முடிந்தால் ஆங்கிலத்தில், இந்த நாலை மட்டும் சொல்லுங்கள்: இயற்றியவர் பெயரும் மறைந்த வருடமும், பாடியது நான், இந்தத் தேதியில் இந்த இடத்தில் பதிவு செய்தேன், உங்கள் பதிவிலிருந்து ஒரு விநாடிகூட இதில் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நான் எழுதிக் கொடுத்தது ஆறு வரி. 12-வது நாள் கிளைமை விலக்கிக்கொண்டார்கள்.

பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒலிப்பதிவுக்கு இந்தியாவில் வெளியான பிறகு 60 வருடம்தான், அதனால் 1960-ல் வந்த தட்டு இங்கே பொதுச் சொத்து. அமெரிக்காவில் 1972-க்கு முந்தைய பதிவுகளுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, சிலவற்றுக்கு 2067 வரை நீளும். அதனால் இங்கே சரி, அங்கே தடை என்று வந்தால் குழம்ப வேண்டாம்.

கதை வாசிக்கிற சேனல்களுக்கும் இதே இரட்டைக் கணக்குதான். கல்கி, புதுமைப்பித்தன் போன்றவர்களின் எழுத்து தமிழ்நாடு அரசால் நாட்டுடைமை ஆக்கப்பட்டது, நீங்கள் தாராளமாக வாசித்து ஏற்றலாம். ஆனால் வேறொருவர் வாசித்த ஒலியை எடுத்துப் போட்டால் அது அவருடையது.

அறிகுறி: காசு கொடுத்து வாங்கிய இசை, இலவச இசை, அதற்கும் கிளைம்

லைசென்ஸ் ரசீதை வைத்திருக்கிறீர்களா? இருந்தால் டிஸ்ப்யூட்டில் லைசென்ஸ் என்று தேர்ந்தெடுத்து ரசீது எண்ணைப் போடுங்கள், வாங்கிய தளத்துக்கும் ஒரு மெயில் அனுப்புங்கள், அவர்களே விலக்கிவிடுவது வழக்கம். இலவச இசை என்றால் சிக்கல் வேறு மாதிரி: அதே இசையை வேறு யாரோ தன் ஆல்பத்தில் கலந்து கன்டென்ட் ஐடியில் பதிந்திருப்பார்கள். எடுத்த பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டை, தேதி தெரியும்படி, எடுத்த அன்றே சேமித்து வையுங்கள்.

வேண்டுமென்றே செய்கிற மோசடியும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் இரண்டு பேர், தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத 50,000-க்கு மேற்பட்ட லத்தீன் பாட்டுகளுக்கு உரிமை கோரி, நாலு வருடத்தில் 2.3 கோடி டாலர் வரை வாங்கிவிட்டு அப்புறம்தான் பிடிபட்டார்கள். எதிரே இருப்பது பெரிய பெயராகத் தெரிந்தாலும் கிளைம் உண்மை என்று அர்த்தமில்லை.

அறிகுறி: "ஏழு விநாடிதானே போட்டேன்"

ஏழு விநாடி, பத்து விநாடி, முப்பது விநாடி என்று எந்த விலக்கும் இந்தியச் சட்டத்தில் இல்லை, அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை. ஜெர்மனியில் 2021-லிருந்து 15 விநாடி என்று ஒன்று இருக்கிறது, அதுவும் வணிக நோக்கம் இல்லாதவர்களுக்கு, தானாகத் தடுக்கக்கூடாது என்ற அளவில். வேகத்தைக் கூட்டுவது, சுருதியை மாற்றுவது, படத்தைச் சுற்றிக் கட்டம் போடுவது எல்லாம் இயந்திரத்தை ஏமாற்றும் வேலை, மாட்டினால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

பட விமர்சனம் செய்கிறவர்களுக்குச் சட்டத்தில் நிஜமான இடம் இருக்கிறது. இந்தியக் காப்பிரைட் சட்டத்தின் பிரிவு 52(1)(அ) விமர்சனம், மதிப்புரை, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. எத்தனை விநாடி என்று பார்க்காது, எதற்காக எடுத்தீர்கள், விமர்சனத்துக்குத் தேவையான அளவா, படத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக உங்கள் வீடியோவைப் பார்த்தால் போதுமா என்றுதான் பார்க்கும். ஒரு சண்டைக் காட்சியின் எடிட்டிங்கைப் பற்றி நீங்கள் பேசும்போது அந்தக் காட்சியின் நாலு ஷாட்டைக் காட்டுவது ஒன்று, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் படம் சும்மா ஓடிக்கொண்டிருப்பது வேறு. முதலாவது என்றால் டிஸ்ப்யூட் போடுங்கள். இரண்டாவது என்றால் வெட்டுங்கள். இயந்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது, ஒத்துப்போகிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதனால் தளத்தில் விமர்சனம் என்பது முன்னாலேயே கிடைக்கும் உரிமையாக இல்லாமல், பின்னால் போராடி வாங்கும் சலுகையாக மாறிவிட்டது. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு.

விநாடி பற்றி யூடியூபின் சொந்த விதி ஒன்று மட்டும் கைகொடுக்கும். 2019-லிருந்து, இயந்திரம் போடாமல் ஆள் கையால் போடும் கிளைமில் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று குறிப்பிட வேண்டும். சில விநாடி பாட்டு மட்டும் வந்தால் கையால் கிளைம் போட்டு மொத்த வருமானத்தையும் எடுத்துக்கொள்ளவும் முடியாது.

அறிகுறி: டிஸ்ப்யூட் நிராகரிக்கப்பட்டது

இந்த இடத்தில் நின்று மூச்சு விடுங்கள். உங்கள் டிஸ்ப்யூட்டைப் படித்து முடிவு சொன்னவர் யூடியூபில் உட்கார்ந்திருக்கும் நடுவர் என்று நினைத்தால் தவறு. அதைப் படித்தது கிளைம் போட்டவரே. குற்றம் சாட்டியவரே தீர்ப்பும் எழுதுகிற முறையை எந்த ஊர் பஞ்சாயத்திலும் ஏற்க மாட்டார்கள், ஆனால் இந்த மேடையில் கோடிக்கணக்கான பேருக்கு அதுதான் நடைமுறை.

அடுத்த படி அப்பீல். அதற்குப் பதில் சொல்லக் கிளைம் போட்டவர்களுக்கு 7 நாள். இந்த முறையும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவர்கள் முறையான நீக்கல் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், கொடுத்தால் உங்களுக்கு ஸ்ட்ரைக். அதாவது கிளைமாக இருந்தது இங்கேதான் ஸ்ட்ரைக்காக மாறும். சில சமயம் 7 நாள் கழித்து நீக்கும்படி விண்ணப்பிப்பார்கள், அந்த நாட்களுக்குள் அப்பீலைத் திரும்ப எடுத்துக்கொண்டால் ஸ்ட்ரைக் இல்லை. அதனால் அப்பீலுக்கு முன் கேளுங்கள்: இதை ஒரு வக்கீல் முன்னால் சொன்னால் நிற்குமா? நிற்கும் என்றால் போடுங்கள். "எல்லோரும்தான் போடுகிறார்கள்" என்பது மட்டுமே கையில் இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள்.

அறிகுறி: ஸ்ட்ரைக் விழுந்துவிட்டது

90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக், சேனல் போய்விடும். மானிடைசேஷன் (விளம்பர வருமானம்) உள்ள சேனலுக்கு மூன்றாவதற்குப் பிறகு 7 நாள் அவகாசம் தருகிறார்கள். அந்த மூன்று என்ற எண்ணும் 90 நாள் என்ற கணக்கும் எந்தச் சட்டத்திலும் இல்லை. திரும்பத் திரும்ப மீறுகிறவர்களை நீக்க ஒரு கொள்கை இருக்க வேண்டும் என்று மட்டும்தான் அமெரிக்கச் சட்டம் சொல்கிறது, எண்ணைப் போட்டது கம்பெனி. ஒரு ஆள் பத்து வருடமாகக் கட்டிய சேனலின் உயிர் அந்த எண்ணில் தொங்குவதால், அது பேரம் பேசும் ஆயுதமாகவும் ஆகிவிடுகிறது. 2025 மே மாதம் மோஹக் மங்கல் என்ற யூடியூபர், சில விநாடிக் காட்சிகளுக்காக ஒரு செய்தி நிறுவனம் ஸ்ட்ரைக் போட்டுவிட்டு லைசென்ஸுக்கு லட்சக்கணக்கில் கேட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். தன் உரிமையைத்தான் காப்பதாக நிறுவனம் சொன்னது, விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது.

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, தவறு உங்களுடையது என்றால் யூடியூபின் காப்பிரைட் பாடத்தை முடித்துவிட்டு 90 நாள் காத்திருங்கள், ஸ்ட்ரைக் தானே போகும். இரண்டு, போட்டவருக்கு மரியாதையாக மெயில் எழுதி விலக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தனி ஆள் போட்ட ஸ்ட்ரைக்குகளில் இது நான் நினைத்ததைவிட அதிக முறை பலித்திருக்கிறது, குறிப்பாகப் புகைப்படம் எடுத்தவர்களிடம். அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு மன்னிப்பும் பெயரும்தான்.

மூன்று, எதிர் அறிவிப்பு. இது பட்டன் இல்லை, சட்ட ஆவணம். உங்கள் உண்மையான பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும், தவறுதலாகத்தான் நீக்கப்பட்டது என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும், அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்துக்கு ஒப்புக்கொள்வதாகவும் சொல்ல வேண்டும். அதன் பிறகு 10 அமெரிக்க வேலை நாட்களுக்குள் அவர்கள் வழக்குப் போட்டதற்கான சான்றைக் காட்ட வேண்டும், காட்டவில்லை என்றால் வீடியோ திரும்ப வரும், ஸ்ட்ரைக்கும் போகும். வீட்டு முகவரி வெளியே போவது பெண்களுக்கும் அரசியல் பேசுகிறவர்களுக்கும் சின்ன விஷயம் இல்லை. ஒரு வக்கீல் வழியாக அனுப்புங்கள்.

நம் நாட்டுச் சட்டத்தின் போக்கு கொஞ்சம் வேறு. 2013 காப்பிரைட் விதிகளின்படி, புகார் கொடுத்தவர் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் அந்த உள்ளடக்கத்தைத் திரும்ப வைக்கலாம். ஆனால் உங்கள் முன்னால் இருக்கும் படிவம் அமெரிக்கச் சட்டத்தை வைத்துச் செய்தது, நடைமுறையில் நீங்கள் அதைத்தான் நிரப்புவீர்கள். காரணமில்லாமல் மிரட்டுகிறவர்மேல் வழக்குப் போட இந்தியச் சட்டத்தின் பிரிவு 60 இடம் தருகிறது என்பதை மட்டும் வக்கீலிடம் சொல்லிப் பாருங்கள்.

போராடுவது வீண் என்று சொல்கிறவர்களுக்கு ஸ்டெஃபனி லென்ஸ் பெயரைச் சொல்வேன். 2007-ல் தன் குழந்தை சமையலறையில் ஆடுவதை 29 விநாடி எடுத்துப் போட்டார், பின்னால் பிரின்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நீக்கினார்கள். அவர் விடவில்லை. 2015-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், நீக்கச் சொல்வதற்கு முன் அது நியாயமான பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்தே ஆக வேண்டும் என்றது. எட்டு வருடம், 29 விநாடிக்கு.

அறிகுறி: "பணம் அனுப்பு, ஸ்ட்ரைக்கை எடுக்கிறேன்" என்று மெயில்

அனுப்பாதீர்கள், பதிலும் எழுதாதீர்கள். மெயிலை அப்படியே சேமித்து யூடியூபுக்கும் சைபர் கிரைமுக்கும் கொடுங்கள். 2019-ல் இப்படி மிரட்டிய ஒருவர்மேல் யூடியூபே அமெரிக்காவில் வழக்குப் போட்டது. அவர் 25,000 டாலர் கொடுத்து மன்னிப்புக் கேட்டார்.

அறிகுறி: லைவ் பாதியில் நின்றது, ரீல்ஸில் சத்தம் போய்விட்டது

லைவில் அடுத்தவர் பாட்டோ படமோ அகப்பட்டால் முதலில் எச்சரிக்கை வரும், உங்கள் படத்துக்குப் பதில் வெறும் அட்டை தெரியும். அந்த ஒலியை உடனே நிறுத்தினால் திரும்ப ஓடும். கச்சேரி லைவ் என்றால் இடைவேளையில் அரங்கக்காரர் போடும் பாட்டுதான் பெரும்பாலும் காரணம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

யூடியூப் ஷார்ட்ஸில் ஒரு நிமிடத்தைத் தாண்டினால் கவனம்: கிளைம் இருந்தால் அந்த வீடியோவே தடுக்கப்படும். இன்ஸ்டாகிராமில் நண்பருக்கு ஓடுகிற பாட்டு உங்களுக்கு ஓடவில்லை என்றால் உங்கள் கணக்கு பிசினஸ் கணக்கா பாருங்கள். தனிநபர்களுக்கான பாட்டு ஒப்பந்தம் கடை விளம்பரத்துக்குச் செல்லாது.

அறிகுறி: என் வீடியோவை வேறு யாரோ போட்டிருக்கிறார்கள்

கன்டென்ட் ஐடி நமக்குக் கிடைக்காது, நிறைய உரிமைகளைக் கையில் வைத்திருக்கும் பெரிய இடங்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். நமக்கு இருப்பது காப்பிரைட் மேட்ச் டூல், மானிடைசேஷன் உள்ள சேனலுக்கு ஸ்டுடியோவிலேயே இருக்கும், மற்றவர்களுக்கு ஒருமுறை சரியான நீக்கல் விண்ணப்பம் கொடுத்தால் திறக்கும். ஆனால் அது முழு வீடியோவையோ ஏறத்தாழ முழு வீடியோவையோதான் பிடிக்கும்.

எங்கள் சமையல் சேனலில் ஒரு ஆச்சி முறுக்கு பிழிகிற வீடியோ உண்டு. அதை யாரோ திருடிப் போட்டிருந்தார்கள், டூல் பிடிக்கவில்லை. ஆச்சியின் பேத்திதான் கண்டுபிடித்தாள்: "அண்ணா, ஆச்சி இடது கையால பிழியுறாங்க." படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பி ஏற்றியிருக்கிறார்கள், இயந்திரத்தின் கண்ணில் மண்ணைத் தூவ. ஆச்சியின் மூக்குத்தி பக்கம் மாறியிருந்தது, சுவரில் தொங்கிய காலண்டரின் எண்களும் இடவலம் மாறி இருந்தன.

கையால் விண்ணப்பம் போட்டோம். உடனே நீக்கு என்று கேட்காமல், 7 நாள் அவகாசம் என்பதைத் தேர்ந்தெடுத்தோம், அதற்குள் அவரே எடுத்துவிட்டால் ஸ்ட்ரைக் விழாது. எங்கள் வீடியோ இணைப்பு, அவருடைய இணைப்பு, இரண்டிலும் காலண்டர் தெரியும் நேரம், கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பு எங்களிடம் இருக்கிறது என்ற ஒரு வரி, இவ்வளவுதான் எழுதினோம். ஐந்தாம் நாள் காலையில் அந்த வீடியோ அங்கே இல்லை.